கேதார்காந்தா உச்சிக்கு எங்களை ஏற்றிவிட்டவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

உத்தரகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்தில், 3,810 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தா சிகரத்தைக் கடந்த மார்ச் மாதத்தில் ஏறி முடித்து, மதுரையைச் சேர்ந்த எங்கள் நடைக்குழு நலமாக ஊர் திரும்பியது. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான் என்பதால், பனியும் காற்றின் அடர்த்திக் குறைவும் எங்களுக்கு முற்றிலும் புதியவை.

விடிவதற்கு முன்பே எழுந்து வந்து, முதுகில் சுமையோடு எங்களைப் பழமுதிர்சோலை தாண்டி நூபுர கங்கை வரை நடத்திப் பழக்கிய அழகர்கோவில் நண்பர்களுக்கும், கம்பளிக் கையுறைகளையும் ஜாக்கெட்டுகளையும் தந்து உதவிய குடும்பங்களுக்கும் எங்கள் நன்றி. தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் அதன்பின் ஓர் அடிகூட மேலே வைக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும் என்று எங்கள் மருத்துவர் ஒவ்வொருவரிடமும் திரும்பச் சொல்லவைத்து அனுப்பினார். அந்த அறிவுரைதான் பிறகு ஓர் உயிரைக் காத்தது என்றே நம்புகிறோம்.

வெயில் ஏறினால் பனி இளகிக் கால் புதையும் என்பதால், உச்சிக்குப் புறப்படுவது அதிகாலை மூன்று மணிக்கு. சாங்க்ரி கிராமத்து வழிகாட்டி, காலணியில் மாட்டிய இரும்பு முட்களுக்கிடையே பனி இறுகிப் போகும்போதெல்லாம், தம் கையுறையைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டு, வெறும் விரல்களால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டார். மூத்தவர்கள் இருவருக்கு வழிநெடுக அவர் அதைச் செய்தார்.

எல்லாரையும்விட அதிகமாக நாங்கள் கடன்பட்டிருப்பது முகாமில் சமையலுக்கு வந்திருந்த இளைஞருக்குத்தான். எங்களில் ஒரு சகோதரிக்கு முந்தைய இரவே தலைவலியும் வாந்தியும் தொடங்கியபோது, யாரும் கேட்பதற்கு முன்பே அவர் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, சகோதரியின் பையைத் தம் தோளில் மாட்டி, கைத்தாங்கலாக ஜூடா தாலாப் ஏரிக்கரை வரை இறக்கிக் கொண்டுபோனார். அங்கே சேர்ந்த சில மணி நேரத்தில் சகோதரி தெளிந்து, கஞ்சி குடித்தார். சுவர்க்காரோகிணியின் மீதும் பந்தர்பூஞ்ச் மீதும் முதல் வெயில் விழுவதை நாங்கள் உச்சியில் நின்று பார்த்தபோது, அவ்விருவரும் அந்தக் கரையில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

இம்மடலை இந்தியில் எழுதிச் சாங்க்ரிக்கும் அனுப்பியிருக்கிறோம். கம்பளி உடைகளைத் துவைத்து வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் உரியவர்களின் வீடுகளுக்கே வந்து ஒப்படைப்போம்.

நன்றியுடன்,
நடைக்குழுவினர், மதுரை