ஆடிக் கூழும் குளோரின் வாடையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆடி பிறந்தால் புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு கூழ் வார்ப்பார்கள். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்கு ஊரே திரளும். வயிற்றுப்போக்கு தலைகாட்டினால் உடனே ‘திருவிழாவை நிறுத்து’ என்று ஒரு சாரார், ‘எல்லாம் ஆத்தா பார்த்துப்பா’ என்று மறு சாரார். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. எனவே இது வெறும் வாய்ச்சண்டை அல்ல. பொதுச் சுகாதாரப் பணியில் இருந்தவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: கூழை நிறுத்த வேண்டாம், கூழில் ஊற்றும் தண்ணீரைக் கவனியுங்கள்.

கேழ்வரகு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்கவிட்டு, நொய்யோடு கொதிக்கக் காய்ச்சுகிறார்கள். கொதியில் காலராக் கிருமி பிழைக்காது. புளிப்பும் அதற்கு ஆகாது. கெடுவதெல்லாம் பிறகுதான். ஆறிய கூழைக் கரைக்கும் பச்சைத் தண்ணீர், மோர், காலையிலேயே நறுக்கிவைத்த வெங்காயம், ஆளாளுக்குக் கைவிட்டு மொள்ளும் அண்டா. போதாக்குறைக்குப் பக்கத்து சர்பத் வண்டியில் மீனுக்குப் போடும் ஐஸ். கரைக்கிற தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, நீளக் காம்பு அகப்பையால் ஒருவரே ஊற்றினால் பாதி ஆபத்து அங்கேயே தீர்ந்தது.

காய்ச்ச முடியாத அளவுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பிளீச்சிங் பவுடர். 1000 லிட்டருக்கு 4 கிராம், தராசில் நிறுத்து. ஆனால் நடப்பது என்ன? கைப்பிடி அள்ளித் தொட்டிக்குள் அப்படியே வீசுகிறார்கள். சுண்ணாம்பு அடியில் தங்குகிறது, முதல் குழாயில் மூக்கைத் துளைக்கும் வாடை, கடைசிக் குழாயில் கிருமியைக் கொல்லும் குளோரினே இல்லை. ‘தண்ணியில என்னமோ மருந்து கலந்துட்டாங்க’ என்று பேச்சுக் கிளம்பி, சாக்கடையை ஒட்டிய அடிபம்புக்கு ஜனம் போய்விடுகிறது. காலராவை விட இந்த வாடைப் பயம் வேகமாகப் பரவும். பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரைமணி நேரம் கழித்துத்தான் குழாயைத் திறக்கலாம். சோதனையைக் கடைசிக் குழாயில் செய்யுங்கள். குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப் கருவியில், ஆர்த்தோடோலிடின் என்ற சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டதும் பத்து நொடிக்குள் மஞ்சள் ஏற வேண்டும்; நோய் பரவும் காலத்தில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் காட்ட வேண்டும். தாமதமாக வரும் மஞ்சளை நம்பக்கூடாது. அந்தச் சோதனையைக் கோயில் வாசலில், ஜனங்கள் பார்க்கச் செய்யுங்கள். மஞ்சள் நிறத்தை நம்ம ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்!

பயத்தை அதட்டி அடக்க முடியாது என்பதற்குப் பிளேக் காலமே சாட்சி. 1897இல் புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள். ஜனங்கள் நோயாளியை ஒளித்தார்கள். எலி செத்து விழுந்த வீட்டைக் காலி செய்து ஓடியவர்களின் பயத்தில் நியாயம் இருந்தது. செத்த எலியை விட்டுத் தெள்ளுப்பூச்சி மனிதன்மேல் தாவுகிறது என்று 1898இல் கராச்சியில் கண்டுபிடித்தவர் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர். அதனால்தான் இன்றும் முதலில் எலி வளையில் பூச்சிமருந்து, அப்புறம்தான் எலிப் பாஷாணம் என்று வரிசை. மாற்றிச் செய்தால் எலி சாகும், தெள்ளு வீட்டுக்குள் வரும். கோவையில் பிளேக் மாரியம்மனைக் கும்பிட்டவர்களுக்கு இந்தக் காரணம் தெரியாமல் இருக்கலாம். ஊரை விட்டு விலகி இருந்தது சரியான காரியம்தான்.

நம் வழக்கத்திலும் அப்படி ஒரு நல்லது உண்டு. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் வெளியார் உள்ளே வருவதில்லை. கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை சின்னம்மை தொற்றும்; மூன்றாம் தண்ணீர் ஊற்றியாயிற்று என்று அதற்கு முன்பே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதுதான் தப்பு. பேதிக்கு அந்த வேப்பிலையும் கிடையாது. வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். இன்னும் போகுமே என்று பயந்து தண்ணீரையும் நிறுத்துகிறார்கள். அரிசி களைந்த தண்ணீர் போலப் போனால் ஒரு நொடியும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. வழியெல்லாம் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல்: பெரிய பொட்டலம் ஒன்றை முழுசாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று போட்டால் உப்பு கூடிக் குழந்தைக்கு ஆபத்து. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. நோயாளியின் துணியைக் குளத்தில் அலசாதீர்கள்.

சுகாதாரத் துறை ஆனி மாதத்திலேயே கோயில் குழுக்களை அழைத்துக் குழுவுக்கு ஒரு குளோரோஸ்கோப் தரட்டும். அறிவிப்பை நோட்டீஸாக ஒட்டுவதைவிட, பூசாரியே ஒலிபெருக்கியில் சொன்னால் எடுபடும். பவுடரை 4 கிராம் பொட்டலமாகக் கட்டித் தருவதானால் திருவிழா வாரத்தில் கட்டுங்கள், காற்றுப் புகாத உறையில். கடற்காற்றில் ஒரு மாதம் கிடந்தால் உள்ளே வெறும் சுண்ணாம்புதான் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்கள் சிலர்,
புதுச்சேரி