ஃபிராங்க்ஃபர்ட்டில் சர்வர் எடுத்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பூர், கரூர், கோவைப் பகுதிகளின் சிறு நிறுவனங்கள் சில, மொத்த வியாபாரிக்குக் கன்டெய்னர் அனுப்புவதோடு நிற்காமல், சொந்த இணையதளம் வைத்து ஜெர்மனியிலும் பிரான்சிலும் வீட்டுக்கே விற்கத் துணிந்திருக்கின்றன. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் இந்த மாற்றத்தோடு கூடவே வரும் ஒரு பொறுப்பை, வாங்குபவரின் சொந்த விவரங்களைச் சட்டப்படி காக்கும் பொறுப்பைப் பற்றித் தமிழில் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. அதற்காகவே இக்கடிதம்.

கன்டெய்னர் வியாபாரத்தில் கையில் இருப்பது வாங்கும் கம்பெனியின் பெயர், இன்வாய்ஸ், ஷிப்பிங் பில். நேரடி விற்பனையிலோ தனிமனிதரின் பெயர், வீட்டு முகவரி, போன் எண், சட்டை அளவு, ஐபி முகவரி (இணையத்தில் ஒருவரின் இணைப்பைக் காட்டும் எண்) எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. யூரோவில் விலை போட்டு, ஜெர்மன் மொழியில் பக்கம் வைத்து, அங்கே டெலிவரி தருகிறேன் என்றால், 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் எனும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். கம்பெனி ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தாலும் அதன் 3ஆவது பிரிவு விடுவதில்லை. வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்றும் பார்க்கிறது.

இந்த இடத்தில்தான், கிளவுட் (இணையம் வழி வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்கள்) எடுப்போரிடையே ஒரு தவறான ஆலோசனை பரவியிருக்கிறது: "கிளவுடில் ஃபிராங்க்ஃபர்ட் ரீஜியனை, அதாவது அந்த ஊர் டேட்டா சென்டர்களைத் தேர்ந்தெடுங்கள், ஜிடிபிஆர் முடிந்தது." முடிவதில்லை. தரவு ஐரோப்பாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவே இல்லை. தரவை யார் தொடுகிறார்கள், எந்த ஒப்பந்தத்தின் பேரில் தொடுகிறார்கள் என்பதுதான் அதன் கேள்வி. ஜெர்மன் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் சேவை தரும் கோவை நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே இருக்கலாம். பீளமேட்டில் உட்கார்ந்து ஒரு இன்ஜினியர் அதில் லாகின் செய்து ஒரு வரியைப் பார்த்தாலே, தரவு இந்தியாவுக்கு மாற்றப்பட்டதாகத்தான் கணக்கு.

போதிய பாதுகாப்புள்ள நாடுகள் என்று ஐரோப்பிய ஆணையம் ஏற்றவற்றில் ஜப்பான் உண்டு, தென்கொரியா உண்டு, இந்தியா இல்லை. அதனால் பெரும்பாலும், 2021 ஜூனில் ஆணையம் வெளியிட்ட நிலையான ஒப்பந்தப் பிரிவுகளில் (தரவை வெளிநாட்டுக்கு அனுப்ப இரு தரப்பும் ஏற்கும் மாதிரி ஒப்பந்த வாசகம்) கையெழுத்திட வேண்டும். அதில் நான்கு தொகுதிகள் உள்ளன. ஜெர்மன் கம்பெனி தன் சொந்த வாடிக்கையாளர்களின் தரவை உங்களிடம் வேலைக்குத் தருகிறது என்றால் இரண்டாம் தொகுதி. அந்த ஜெர்மன் கம்பெனியே இன்னொருவரின் தரவை வைத்து அவருக்காக வேலை செய்கிறது என்றால் மூன்றாம் தொகுதி. பலர் சறுக்குவது பாதுகாப்பு ஏற்பாடுகளை எழுத வேண்டிய இணைப்பில்தான். "தகுந்த பாதுகாப்பு உண்டு" என்று ஒரு வரி எழுதினால் ஏற்க மாட்டார்கள். இருபடி லாகின் உண்டா, தரவைப் பூட்டும் குறியாக்கச் சாவி யாரிடம், வேலையை விட்டுப் போனவரின் கணக்கு எத்தனை மணி நேரத்தில் மூடப்படும் என்று குறிப்பாக எழுத வேண்டும்.

நாங்கள் எல்லோருக்கும் வற்புறுத்தும் வேலை ஒன்று உண்டு. எந்த கிளவுட் என்று விலை கேட்பதற்கு முன், ஒரே ஒரு ஆர்டரை எடுத்து அது போகும் வழியெல்லாம் பின்தொடருங்கள். இணையப் பக்கம், பணம் வாங்கும் கேட்வே, டேட்டாபேஸ், பேக்கப், லாக் எனும் செயல்பாட்டுப் பதிவு, உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை அனுப்பும் சேவை, புகார் பெறும் ஹெல்ப்டெஸ்க், கூரியர் கம்பெனி, கடைசியில் கணக்காளரின் எக்செல் வரை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கைக் குறியுங்கள்: எந்த நிறுவனம், எந்த நகரத்து டேட்டா சென்டர், எத்தனை நாள் வைக்கப்படுகிறது, யார் திறக்க முடியும். அரை நாள் வேலைதான். மூல டேட்டாபேஸ் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்க, இரவு ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் பழைய மும்பை முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருப்பதும், சோதனை சர்வரில் உண்மை வாடிக்கையாளர் பட்டியல் கிடப்பதும் இப்படித் தேடினால்தான் தெரியவரும்.

சின்ன விஷயம் என்று நினைப்பது கூடச் சிக்க வைக்கும். இணையப் பக்கத்துக்கான எழுத்துருவை கூகுள் சர்வரிலிருந்து நேரடியாக இழுத்த ஒரு தளத்துக்கு எதிராக, பார்வையாளரின் ஐபி முகவரி அவர் சம்மதமின்றி அமெரிக்காவுக்குப் போனது என்று, மியூனிக் நீதிமன்றம் 2022 ஜனவரியில் 100 யூரோ இழப்பீடு விதித்தது. தொகை சிறியதுதான், ஆனால் அந்தத் தீர்ப்பைக் காட்டிச் சிறு தளங்களுக்குக் குவியல் குவியலாக நோட்டீஸ் போனது. எழுத்துருக் கோப்பை இறக்கிச் சொந்த சர்வரில் வைத்தால் பத்து நிமிடத்தில் தீர்கிற காரியம் அது.

ஐரோப்பாவில் அலுவலகம் இல்லாமல் தொடர்ந்து விற்பவர்கள் அங்கே எழுத்துப்பூர்வமாக ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும் என்கிறது 27ஆவது பிரிவு. இதைச் செய்யாத, ஐரோப்பாவுக்கு வெளியே இருந்த இணையதளம் ஒன்றுக்கு நெதர்லாந்து தரவுப் பாதுகாப்பு ஆணையம் 5,25,000 யூரோ அபராதம் போட்டதாக 2021இல் அறிவித்தது.

கிளவுட் நிறுவனம் காட்டும், தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அது அவர்கள் கட்டடத்துக்கும் அவர்கள் நடைமுறைக்கும் உரியது. ஸ்டோரேஜை எல்லோருக்கும் திறந்து வைத்தால் தவறு உங்களுடையது. சான்றிதழ் எதற்கெல்லாம் பொருந்தும் என்று சொல்லும் பகுதியில் நீங்கள் எடுக்கும் சேவையும் ரீஜியனும் இருக்கிறதா என்று பாருங்கள். வெளித் தணிக்கையாளர் பாதுகாப்பைச் சரிபார்த்துத் தரும் சாக் 2 அறிக்கை என்றால் இரண்டாம் வகையைக் கேளுங்கள். முதல் வகை ஒரு நாளின் நிலையை மட்டும் சொல்லும், இரண்டாவது சில மாதங்கள் கண்காணித்து எழுதியது. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு பில்லிங், கோடிங் (சிகிச்சை விவரங்களுக்குக் குறியீடு இடுதல்) செய்யும் சென்னை நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை: நோயாளி விவரங்களைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டத்துக்கு அரசு தரும் சான்றிதழ் என்று எதுவும் கிடையாது. நோயாளி விவரத்தை கிளவுடில் ஏற்றும் முன் அந்த கிளவுட் நிறுவனத்துடன் பிசினஸ் அசோசியேட் ஒப்பந்தம் (அந்த விவரத்தைக் காப்பதாக அவர்கள் உறுதி தரும் ஒப்பந்தம்) கையெழுத்தாகியிருக்க வேண்டும். குறியாக்கம் செய்துதானே வைக்கிறோம், சாவியும் அவர்களிடம் இல்லையே என்ற வாதம் செல்லாது.

பேக்கப் இன்னொரு ஊரில் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து சாம்பலானது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் துணையாக பாரிசோ டப்ளினோ எடுத்தால் சட்டச் சிக்கலும் வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்க்கவும் வேண்டும்.

வெளிநாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டே நம் நாட்டுச் சட்டத்தை விட்டுவிடுபவர்களும் உண்டு. கணக்குப் புத்தகங்களை வெளிநாட்டு சர்வரில் வைக்கும் கம்பெனிகள், இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும் என்று கம்பெனிக் கணக்கு விதிகள் சொல்கின்றன. சைபர் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்தில் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு அறிவிக்க வேண்டும். தனிமனிதர் தரவு கசிந்தால் ஐரோப்பிய நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்க 72 மணி நேரம். லாக்குகளை 180 நாள் வைக்கச் சொல்வதும் செர்ட்-இன்தான். தேவைக்கு மேல் தனிமனிதர் தரவை வைக்காதே என்பது ஜிடிபிஆர். இரண்டுக்கும் ஒத்துப்போக வழி, லாக்கில் வீட்டு முகவரியும் ஆர்டர் விவரமும் எழுதப்படாமல் ஆரம்பத்திலேயே நிரலைத் திருத்திவிடுவது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் இந்தியாவில் பதிவில்லாத வெளிநாட்டு ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் பணம் கட்டினால் ரிவர்ஸ் சார்ஜில் 18 சதவீதம் தாமே செலுத்த வேண்டும் என்பதையும் விலை ஒப்பிடும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிலையான ஒப்பந்தப் பிரிவுகளும் கிளவுட் நிறுவனங்களின் தரவுச் செயலாக்க ஒப்பந்தங்களும் வாசிக்கக் கடினமான சட்ட ஆங்கிலத்தில் உள்ளன. கையெழுத்திடுபவரோ பெரும்பாலும் பவர் டேபிள் எத்தனை, டையிங் என்ன விலை என்று ஓடிக்கொண்டிருக்கும் முதலாளி. ஏற்றுமதியாளர் சங்கங்களும் மாவட்டத் தொழில் மையங்களும் இவற்றுக்குத் தமிழில் விளக்கக் கையேடு ஒன்று வெளியிட வேண்டும். துணை ஒப்பந்ததாரர் பட்டியல், ஒப்பந்தம் முடிந்தபின் தரவை அழிக்கும் காலக்கெடு, தரவு கசிந்தால் நமக்குத் தெரிவிக்கும் நேரம் ஆகிய மூன்றையாவது அது வரிவரியாக விளக்க வேண்டும். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கமும் இதற்கு இடம் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கிளவுட் பராமரிப்பு, தரவுப் பாதுகாப்புப் பணியில் உள்ளோர் சிலர்,
கோயம்புத்தூர்.