அரிக்கமேட்டுக்குப் போய்விட்டு வந்தேன், அண்ணா

அண்ணா,

வீட்டை விற்கும் பத்திரத்தில் கையெழுத்து போட்டுவிட்டேன். நீ அனுப்பிய பவர் பத்திரத்தை ரிஜிஸ்டர் ஆபீஸில் ஏற்றுக்கொண்டார்கள். அம்மாவின் முதல் திதி முடியட்டும் என்றுதான் இழுத்தடித்தேன். விலை, பங்கு, யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம், சொந்தக்காரர்களும் படிப்பார்கள்.

திரும்பும்போது வண்டி தானாக காக்காயன்தோப்புப் பக்கம், அரிக்கமேட்டுக்குப் போனது. அரியாங்குப்பத்துக் கோட்டை 1748இல் இங்கிலீஷ்காரன் முற்றுகையிட்டபோதே வெடிமருந்து வெடித்துப் போனது. பாதிரிமார்களின் செங்கல் சுவர் மட்டும் இன்னும் ஆற்றைப் பார்த்து நிற்கிறது.

அன்றைக்கு மழை விட்டதும் அங்கே பாசிமணி பொறுக்கினோமே. (தொல்லியல் துறைக்காரர்கள் மன்னிக்கட்டும், சின்னப் பசங்க.) கால் வழுக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டே நீ கதை சொன்னாய். வியட்நாமில் செமினரியை, அதாவது பாதிரியார்களுக்கான பள்ளியை, தாக்கியதும் பிரெஞ்சுக்காரரான பிஞ்ஞோ பாதிரியார் 1770இல் புதுச்சேரிக்குத் தப்பி வந்தது, இங்கே வீராம்பட்டினத்துப் பக்கம் மறுபடியும் செமினரி நடத்தியது. அப்புறம் 1785இல் வந்த அந்த வியட்நாம் குட்டி இளவரசன் கான். ராஜ்ஜியத்தை இழந்த அப்பா, உதவி கேட்டு வரச் சொல்லி, ஐந்து வயசுகூட ஆகாத மகனைப் பாதிரியாரோடு கப்பலேற்றிவிட்டார். இங்கிருந்த பிரெஞ்சு அதிகாரிகள் கைவிரித்ததால் ஒரு வருஷத்துக்கு மேல் புதுச்சேரியிலேயே காத்துக்கிடந்து, பிறகு பிரான்சுக்குப் போனார்கள்.

"பாவம், அழுதிருப்பான்ல?" என்று கேட்டேன்.

"எதுக்கு அழணும்? வெர்சாய் அரண்மனையையே பாத்துட்டான்" என்றாய்.

உன் முகத்தில் அப்போதே பாரிஸ் தெரிந்தது. எனக்குத்தான் புரியவில்லை. அதற்காக உன்மேல் கோபமில்லை. நீ அனுப்பிய பணத்தில்தான் நான் படித்தேன், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. எதையும் மறக்கவில்லை.

ஆனால் அண்ணா, கான்கூட 1789இல் ஊர் திரும்பினான். நீ அம்மாவை வீடியோவில் வழியனுப்பினாய். லீவு கிடைக்கவில்லை என்றாய், சரி. இப்போது வீட்டை விற்றதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று சித்தி சொல்கிறார். மன்னித்துவிடு. கூரை ஒழுகியபோது தார்ப்பாய் கட்டியவள் நான். ஒவ்வொரு ஐப்பசியிலும் கட்டினேன். எனக்கும் முட்டி வலிக்கிறது.

செங்கழுநீரம்மன் தேருக்கு அண்ணியோடு வருவதாக இருந்தால் முன்னாடியே சொல், மாடி அறையைக் காலி பண்ணவேண்டும். அம்மாவின் சங்கிலி விஷயத்தை ஃபோனில் பேசிக்கொள்ளலாம்.

உன் தங்கை