சனிக்கிழமை வீடு வீடாகப் போகிறவர்கள் கவனத்துக்கு

மேயர் வேட்பாளரோடு வருபவர்கள் இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர் வாக்காளர் பட்டியலில் ஆதரவு, எதிர்ப்பு, யோசிக்கிறார், ஆள் இல்லை என்று குறிக்கட்டும். வாசலை விட்டு இறங்கியதுமே குறித்துவிடுங்கள். தெருமுனைக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் கதவு எண்கள் மாறிப்போகும். வீட்டுக்கு 3 நிமிடம் போதும். எதிர்ப்பவரிடம் வாதாடி ஜெயித்தாலும் ஓட்டு வராது. 'யோசிக்கிறார்' வீடுகளுக்குத்தான் மறுபடி போக வேண்டும்.

மாலைக் கூட்டத்துக்கு அனுமதிக் கடித நகல் மேடைப் பொறுப்பாளர் கையிலேயே இருக்கணும். ஸ்பீக்கர்களை மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். பின்னால் வைத்தால் மைக் அந்தச் சத்தத்தையே திரும்ப வாங்கிக் கீச்சிடும். தண்ணீர் கேன், நாற்காலி வாடகை ரசீதுகளை அன்றைக்கே குழுவில் போடுங்கள், தேர்தல் செலவுக் கணக்கில் சேர்க்கணும்.