கிளஸ்டர் சர்வர் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

பல சர்வர்கள் ஒன்றாக இயங்கும் கிளஸ்டரில், “ஒவ்வொரு நோடிலும் (சர்வரிலும்) இரவு 2 மணிக்குக் கிரான் (குறித்த நேரத்தில் கமாண்டை ஓட்டும் வசதி) வழியாக எல்விஎம் ஸ்னாப்ஷாட் (டிஸ்க் பகுதியின் அந்தக் கண நிலையின் பதிவு) எடுக்கிறோம், அதனால் கவலையில்லை” என்று நம்மில் பலர் நிம்மதியாக இருக்கிறோம். அந்த ஏற்பாட்டைக் கைவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என்டிபி என்ற நேர ஒத்திசைவு முறையை வைத்துச் சர்வர்களின் கடிகாரங்களை எவ்வளவு நேர்செய்தாலும் சிறு வித்தியாசம் இருக்கும். வேலைப்பளு அதிகமுள்ள நோடில் கமாண்ட் இன்னும் தாமதமாக ஓடும். அந்த இடைவெளியில் யாரும் எழுதாமல் காத்திருப்பதில்லை. மருத்துவமனை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் ஸ்கேன் படம் முதல் நோடில் சேர்கிறது. படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு அடுத்த நோடில் பதிகிறது. படம் வந்து சேருமுன் முதல் ஸ்னாப்ஷாட்டும், குறிப்பு பதிந்தபின் இரண்டாவது ஸ்னாப்ஷாட்டும் எடுக்கப்பட்டால், மீட்டெடுக்கும் நாளில் குறிப்பு இருக்கும், படம் இருக்காது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு ஸ்னாப்ஷாட்டிலும் பழுதில்லை. ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே கமாண்டை ஓட்டினாலும் பிழை காட்டாது. என்னைப் பயமுறுத்துவது இதுதான்.

கணினி அறிவியலாளர்களான, சென்னை ஐஐடியில் படித்த கே. மணி சாண்டியும் லெஸ்லி லாம்போர்ட்டும் 1985இலேயே இதற்கான விதியைத் தெளிவாக்கிவிட்டார்கள்: ஒரு செய்தி வந்து சேர்ந்தது பதிவில் இருந்தால், அது அனுப்பப்பட்டதும் பதிவில் இருக்க வேண்டும். அனுப்பியது தெரியாமல் வந்தது மட்டும் தெரியும் பதிவை வைத்து எதையும் நம்பி மீட்க முடியாது.

கருவிகளும் கைவசம் இருக்கின்றன. பல நோடுகள் பகிரும் ஃபைல் சிஸ்டங்களில் ஒன்றான ஜிஎஃப்எஸ்2 என்றால், ஒரு நோடில் எஃப்எஸ்ஃப்ரீஸ் என்ற உறையவைக்கும் கமாண்டைக் கொடுத்தாலே கிளஸ்டர் முழுவதும் எழுதுவது நிற்கும். அப்போது ஸ்டோரேஜ் பக்கம் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு உடனே விடுவிக்கலாம். இன்னொரு ஃபைல் சிஸ்டமான கிளஸ்டர்எஃப்எஸ்ஸின் (GlusterFS) சொந்த ஸ்னாப்ஷாட் கமாண்ட் எல்லா பிரிக்குகளிலும் (சர்வர்களில் தரவு இருக்கும் சேமிப்புப் பகுதிகளிலும்) எடுத்து முடியும்வரை எழுதும் பணிகளுக்கான ஒப்புதலைத் தடுத்து வைக்கிறது. ஆனால் ஒவ்வொரு பிரிக்கும் தனித் தின் எல்வியில் (தேவைக்கேற்ப இடம் எடுத்துக்கொள்ளும் எல்விஎம் பகுதியில்) இருந்தால்தான் அது வேலை செய்யும். நிறுவும்போது இதைக் கவனிக்காமல் விட்டால், பிறகு தரவையெல்லாம் நகர்த்தித்தான் சரிசெய்ய வேண்டும். ஆகவே டெண்டர் எழுதும் கட்டத்திலேயே கேளுங்கள். மூன்றாவது ஃபைல் சிஸ்டமான செஃப்எஃப்எஸ்ஸில் (CephFS) ‘.ஸ்னாப்’ ஃபோல்டருக்குள் ஒரு டைரக்டரி உருவாக்கினாலே ஸ்னாப்ஷாட் கிடைத்துவிடும். அந்த எளிமை நல்லதுதான். ஆனால் பல கிளையண்டுகள் ஒரே சமயத்தில் எழுதும்போது அது மட்டும் போதாது. எழுதுவதை நிறுத்தி வைக்கும் குவியஸ் (quiesce) வசதி 2024இல் வந்த செஃப்பின் ஸ்குவிட் பதிப்பில் இதற்காகவே சேர்க்கப்பட்டது.

அப்புறம், டேட்டாபேஸின் தரவும், மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் வால் (WAL) பதிவும் வேறு வேறு ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் இரண்டையும் ஒரே கணத்தில் பிடிக்க வேண்டும். அதே டிஸ்க்குகளில் கிடக்கும் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது என்பதை நீங்களே அறிவீர்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த பராமரிப்பு நாளில் பழைய ஸ்னாப்ஷாட் ஒன்றைத் தனிச் சர்வர்களில் மீட்டெடுங்கள். ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆனதோடு நிறுத்திவிடாமல், குறிப்பு ஒவ்வொன்றுக்கும் உரிய கோப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று சரிபாருங்கள். கிடைத்த முடிவை அந்தத் தரவை நம்பியிருக்கும் மருத்துவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் சர்வர் பராமரிக்கும் ஒருவர்