இழப்பீடு கேட்பது சாவுக்கு விலை பேசுவது அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

விபத்துச் செய்திகள் பெரும்பாலும் ‘போலீசார் வழக்குப் பதிந்து விசாரிக்கின்றனர்’ என்று முடிகின்றன. அந்த வழக்கு வேறு, இழப்பீடு கேட்டுக் குடும்பம் போட வேண்டிய வழக்கு வேறு. இது தெரியாமல் நாங்கள் பட்டதால் எழுதுகிறேன்.

தெருவில் நடந்துபோன என் சித்தப்பா மேல், கட்டி முடியாத கட்டடத்தின் சாரம் சரிந்து விழுந்து அவர் இறந்துபோனார். விதி என்றார்கள், நாங்களும் நம்பினோம். சாரக் கயிறு இற்றுப்போயிருந்தது என்று அங்கே வேலை பார்த்தவர் சொல்லி நாங்கள் போவதற்குள் எல்லாவற்றையும் பிரித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.

எல்லாச் சாவுக்கும் வழக்குப் போட முடியாது. ஆபரேஷன் பலிக்கவில்லை என்பதால் மட்டும் டாக்டர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். எதிராளிக்குக் கவனமாக இருக்க வேண்டிய பொறுப்பு இருந்ததா, அதில் தவறினாரா, தவறாமல் இருந்திருந்தால் உயிர் பிழைத்திருக்குமா என்றுதான் பார்க்க வேண்டும். கடைசிக் கேள்விதான் கஷ்டமானது. நோய் முற்றிக் கிடந்தவருக்கு மருந்தைத் தாமதமாகக் கொடுத்தது தவறுதான், ஆனால் உயிர் போனது அந்தத் தாமதத்தால்தானா? அதற்குத்தான் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் சிகிச்சைக் குறிப்புகளும் வேண்டும், உடனே கேட்டு வாங்கிவிடுங்கள்.

போலீஸ் கேஸில் விடுதலையாகிவிட்டார், இனி என்ன என்று விட்டுவிடவும் கூடாது. அமெரிக்க விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் 1995இல் இரட்டைக் கொலை வழக்கில் விடுதலையானார், அதே சாவுகளுக்கு அவர்தான் பொறுப்பு என்று 1997இல் இழப்பீடு கேட்டுப் போட்ட சிவில் வழக்கில் தீர்ப்பாகி 3.35 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார்கள். குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமே இருக்கக் கூடாது, சிவிலில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும்.

சாவுக்கு விலை பேசுகிறீர்களா என்று சொந்தக்காரர்களே கேட்பார்கள். 1808இல் இங்கிலாந்தில், கோச் வண்டி கவிழ்ந்து மனைவியைப் பறிகொடுத்தவர் வழக்குப் போட்டார், மனைவி உயிரோடு இருந்த நாள் வரைக்கும்தான் நஷ்டஈடு, சாவுக்குக் கிடையாது என்றது கோர்ட். காயப்படுத்தினால் கொடுக்க வேண்டும், கொன்றுவிட்டால் வேண்டாம் என்ற இந்த அநியாயத்தை மாற்ற அங்கே 1846இல் தனிச் சட்டமே வர வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்த உரிமையைக் கேட்க ஏன் கூச்சப்பட வேண்டும்?

அப்புறம், வழக்குப் போடுவதற்கான கெடு. பல நாடுகளில் இரண்டு அல்லது மூன்று வருடம்தான். நாங்கள் வக்கீலிடம் போனபோது நாலு வருடம் ஓடியிருந்தது. சித்தப்பா தினக்கூலியைக் குறித்து வைத்த சின்ன டைரியைச் சித்தி நீட்டினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிய வக்கீல், “வருமானத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காதும்மா, முன்னாடியே வந்திருக்கலாமே” என்றார்.

– ஒரு வாசகர்