மதிப்பெண் வரிசையில் விடைத்தாள் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-ஆம் ஆண்டிலேயே கைவிட்டது. ஆனால் பல வகுப்பறைகளில் இன்றும் விடைத்தாள்களை அதிக மதிப்பெண்ணில் தொடங்கி, பெயர் சொல்லி அழைத்து, மதிப்பெண்ணை உரக்கப் படித்தே கொடுக்கிறார்கள்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, கடைசியாக அழைக்கப்பட்ட நாளில், கணக்கு விடைத்தாளை உள்ளங்கை அளவுக்கு மடித்து ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தபோது, பின்னக் கழித்தலில் ஒரே பிழையைத்தான் நான்கு கணக்குகளிலும் செய்திருந்தாள் என்பது தெரிந்தது. அரை மணி நேரத்தில் திருத்திக்கொண்டாள். அந்தத் தாளைப் பார்க்கும் துணிவைத்தான் வகுப்பறை அவளிடமிருந்து பறித்திருந்தது.

ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நானும் தொடக்க காலத்தில் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். அன்று தலைகுனிந்து வந்து தாள் வாங்கிய பிள்ளைகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

விடைத்தாள்களை வரிசை எண்படி, மதிப்பெண் வெளியே தெரியாதவாறு மடித்துக் கொடுக்கவும், பிழைகளைத் திருத்த அன்றே ஒரு பாடவேளை ஒதுக்கவும் பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறேன். பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் இதைக் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருமங்கலம்.